ஆடிட்டர் ஆபீஸ் ஃபைல்களை ஷேர்டு டிரைவுக்கு மாற்றிய அனுபவம்

மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கணக்கு எழுதுபவர்கள், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுபவர்கள், சிஏ படிப்புக்காக இங்கே பயிற்சி எடுக்கும் ஆர்ட்டிகிள்ஷிப் பிள்ளைகள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடைகள், விளக்குத்தூண் ஜவுளிக்கடைகள், மேலூர்ப் பக்கத்து அரிசி ஆலைகள், சில சங்கங்கள், டிரஸ்டுகள் எல்லாம் எங்கள் கிளையன்ட்கள். எங்கள் ஃபைல்கள் அத்தனையையும் கிளவுடுக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. இப்போது மற்ற ஆபீஸ் நண்பர்கள் "எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

கூகுளா, ஒன்டிரைவா, டிராப்பாக்ஸா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். எங்களுக்கு அது ஒரு மாலை நேரப் பேச்சோடு முடிந்துவிட்டது. எல்லோரும் ஏற்கெனவே ஜிமெயில் பழகியவர்கள் என்பதால் கூகுள் என்று முடிவு செய்தோம். ஒரு ஃபைல் யாருக்குச் சொந்தம், அதை யார் அழிக்கலாம், யார் பார்க்கவே கூடாது என்பதைத் தீர்மானிக்கத்தான் நாளானது. மாற வேண்டும் என்று தோன்றியதற்கும் ஃபைல் யாருக்குச் சொந்தம் என்ற அந்தப் பிரச்சினைதான் காரணம்.

அதற்கு முன் ஒரு டெஸ்க்டாப்பைத்தான் 'சர்வர்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அதில் ஒரு ஷேர்டு ஃபோல்டர். அதுபோக ஆளுக்கொரு பென் டிரைவ், ஒரு வாட்ஸ்அப் குழு. பில்லை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி ஜிஎஸ்டி எண்ணில் 8 எது, B எது என்று தெரியாது. பழைய செய்தியில் இருக்கும் ஃபைலைச் சில மாதம் கழித்துத் திறந்தால், மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கும். இதெல்லாம் தொல்லைதான், ஆனால் சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது வேறு. எந்தக் கிளையன்டுக்கு எந்த ரிட்டர்ன் முடிந்தது, நோட்டீஸ் வந்திருக்கிறதா, பதில் எப்போது போனது என்று முழு விவரமும் இருந்த கூகுள் ஷீட்டை ஒரு தம்பி தன் சொந்த ஜிமெயிலில் உருவாக்கி எங்களுக்குப் பகிர்ந்திருந்தான். நல்ல வேலைக்காரன். கோயம்புத்தூரில் நல்ல சம்பளம் கிடைத்து, சொல்லிக்கொண்டுதான் போனான். பிறகு ஒருநாள் அந்த ஷீட்டையே காணோம். போன் செய்தேன்.

"அண்ணே, ஸ்டோரேஜ் ஃபுல்லாயிருச்சுன்னு பழசையெல்லாம் அழிச்சேண்ணே. டிராஷையும் காலி பண்ணிட்டேன். அது ஆபீஸ் ஷீட்டுன்னு தோணவே இல்லண்ணே."

அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இலவசக் கூகுள் கணக்கில் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்தே 15 ஜிபிதான். டிரைவின் அமைப்பும் அப்படி. சாதாரண 'மை டிரைவ்' ஃபைலுக்கு ஒரே ஒரு உரிமையாளர். எத்தனை பேருக்கு எடிட் செய்யும் அனுமதி இருந்தாலும், உரிமையாளர் நிரந்தரமாக அழித்தால் எல்லோருக்கும் போய்விடும். அடுத்தவர் வீட்டு பீரோவில் நம் பத்திரத்தை வைப்பது மாதிரி. நல்லவேளையாக எங்கள் சீனியர் அக்கா மாதக் கடைசியில் அந்த ஷீட்டை இறக்கி வைக்கும் வழக்கம் உள்ளவர். அவரிடமிருந்த பிரதியை வைத்து மீட்டோம்.

ஆபீசுக்கு ஒரு பொது ஜிமெயில் தொடங்கி, எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் நுழையலாம் என்று ஆடிட்டர் சார் சொன்னார். செலவில்லாத வழிதான். ஆனால் யார் எதை மாற்றினார்கள் என்று தெரியாது. எல்லா மாற்றமும் ஒரே பெயரில் பதிவாகும். ஒருவர் வேலையை விட்டால் பாஸ்வேர்டை மாற்றி எல்லோருக்கும் சொல்ல வேண்டும். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு போட்டால் ஓடிபி சாரின் போனுக்கு வரும். அவர் சென்னையில் டிரிப்யூனலில் உட்கார்ந்திருக்கும்போது இங்கே யாரும் உள்ளே போக முடியாது. இதைச் சொன்னதும் சார் ஒத்துக்கொண்டார்.

ஆகவே எங்கள் ஆபீஸ் பெயரிலான இணைய முகவரியில் (டொமைன்) நிறுவனங்களுக்கான கட்டணச் சேவையான கூகுள் ஒர்க்ஸ்பேஸ் எடுத்து, ஆளுக்கொரு கணக்கு கொடுத்தோம். நீங்கள் திட்டம் தேர்ந்தெடுக்கும்போது அதில் 'ஷேர்டு டிரைவ்' உண்டா என்று முதலில் பாருங்கள். அதில் போடும் ஃபைல் தனி ஆளுக்குச் சொந்தமில்லை, நிறுவனத்துக்குச் சொந்தம். ஆள் போனாலும் ஃபைல் இருக்கும். அனுமதியிலும் படிகள் உண்டு. பார்க்க மட்டும், கருத்து எழுத மட்டும், அதற்கு மேல் கான்ட்ரிபியூட்டர், கன்டென்ட் மேனேஜர், மேனேஜர். கான்ட்ரிபியூட்டரால் ஃபைல் சேர்க்கலாம், திருத்தலாம். இடம் மாற்றவோ டிராஷில் போடவோ முடியாது. எங்களில் பெரும்பாலோருக்கு அதுதான் கொடுத்தோம். அழிக்கும் அதிகாரம் சாருக்கும் எனக்கும் அக்காவுக்கும் மட்டும். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. டிராஷில் போட்டது 30 நாளில் தானாகவே போய்விடும். அதனால் இதில் தாராளம் காட்டக் கூடாது.

ஃபோல்டருக்குப் பெயர் வைப்பதில் ஒரு சிக்கல். '2023-24' என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் அது வருமானம் வந்த நிதியாண்டா, அதற்கு வரி கணக்கிடும் அடுத்த ஆண்டான மதிப்பீட்டு ஆண்டா? ஜிஎஸ்டி பார்ப்பவர் நிதியாண்டு என்று எடுத்துக்கொள்வார். வருமான வரி பார்ப்பவர் மதிப்பீட்டு ஆண்டு என்று எடுத்துக்கொண்டு ஒரு வருஷம் முந்தைய கணக்கை உள்ளே போடுவார். எல்லாப் பெயரிலும் எஃப்ஒய் (நிதியாண்டு), ஏஒய் (மதிப்பீட்டு ஆண்டு) என்று முன்னால் எழுத வேண்டும் என்று விதி வைத்தோம். 2025-ல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் 'வரி ஆண்டு' என்று ஒன்றையே வைத்துக்கொள்கிறது. ஆனால் பழைய ஆண்டுகளுக்கு எங்கள் விதி இருக்கத்தான் வேண்டும்.

எனக்கு அதிக உழைப்பு வைத்தது தமிழ் ஃபைல்கள். சங்கங்களின் தீர்மானப் புத்தகம், டிரஸ்ட் பத்திரம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்தவை. அவற்றில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் பின்னால் உண்மையில் இருப்பது ஓர் ஆங்கில எழுத்தோ குறியோதான். எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டுகிறது. கூகுள் டாக்ஸில் அந்த எழுத்துரு கிடையாது. திறந்ததும் பக்கம் முழுக்க ஆங்கிலக் கிறுக்கல். தேடினாலும் கிடைக்காது.

அக்கா பார்த்துவிட்டு, "என்ன தம்பி இது, மொத்தமும் போயிருச்சா?" என்று பதறிவிட்டார். போகவில்லை, மாற்ற வேண்டும், அவ்வளவுதான். எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. அதன் பிறகும் டிடிபி சென்டர்களில் பழைய எழுத்துருவிலேயே அடித்து வாங்கி வந்திருக்கிறோம். என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி இலவச மாற்றிகள் உண்டு. ஆனால் முழுப் பக்கத்தையும் அப்படியே மாற்றினால், நடுவில் ஆங்கிலத்தில் இருக்கும் பான் எண், வங்கிக் கிளைக் குறியீடு எல்லாம் தமிழ் எழுத்தாகிவிடும். அவற்றைத் தனியாக எடுத்து வைத்து, தமிழ்ப் பத்திகளை மட்டும் மாற்றி, மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட வேண்டும். கையெழுத்தான பத்திரங்களை மட்டும் மாற்றாமல் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினோம். சலிப்பான வேலைதான். ஆனால் இன்று ஒரு சங்கத்தின் பெயரைத் தமிழில் தட்டினால் பழைய தீர்மானம் வந்து நிற்கிறது. எனக்கு இதில்தான் அதிக திருப்தி.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். டேலியின் டேட்டா ஃபோல்டரை, தானாகவே கிளவுடோடு ஒத்திசையும் டிரைவ் ஃபோல்டரில் வைத்து வேலை செய்யாதீர்கள். அது ஒன்றையொன்று சார்ந்த பல ஃபைல்களின் தொகுப்பு. இங்கே பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே டிரைவ் ஒவ்வொன்றாக மேலே ஏற்றும். அங்கே இன்னொருவர் அதையே திறந்தால் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகலாம். நாங்கள் டேலியை உள்ளூர்க் கணினியிலேயே வைத்து, மாலையில் எடுக்கும் பேக்கப் ஃபைலை மட்டும் டிரைவில் ஏற்றுகிறோம். கம்பெனிகளுக்கு இன்னொன்றும் உண்டு. 2022 ஆகஸ்டில் வந்த விதித் திருத்தத்தின்படி, மின்னணுக் கணக்குகளின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும். டிரைவில் ஒரு பிரதி இருப்பதாலேயே இந்த விதி நிறைவேறிவிட்டதாக நினைக்கக் கூடாது. அந்தக் கிளையன்ட்களை அவர்கள் இடத்துச் சர்வரிலேயே தினசரி பேக்கப் எடுக்கச் சொல்லிவிட்டு, எங்களிடம் இருப்பதைக் கூடுதல் பிரதியாகத்தான் கருதுகிறோம்.

'லிங்க் உள்ள எவரும்' என்று பகிரும் வசதியை நிர்வாகியின் அமைப்பிலேயே நிறுத்திவிட்டோம். ஒரு ஜவுளிக்கடையின் விற்பனைக் கணக்கு லிங்க் பக்கத்துக் கடைக்காரர் போனுக்குப் போனால் அப்புறம் எங்களை யார் நம்புவார்கள்? கிளையன்டின் மெயிலுக்கு மட்டும் அனுமதி, அதற்கும் ஒரு முடிவுத் தேதி.

ஷீட்டில் பழக வேண்டியது ஃபில்டர். ஒருவர் தன் கிளையன்ட்கள் மட்டும் தெரியும்படி வடிகட்டினால், அதே ஷீட்டைத் திறந்திருக்கும் எல்லோருக்கும் மற்ற வரிசைகள் மறைந்துவிடும். அக்கா ஒருநாள் சத்தமே போட்டுவிட்டார், "யாருப்பா என் லிஸ்ட்ட எடுத்தது!" என்று. 'ஃபில்டர் வியூ' என்று தனியாக இருக்கிறது. அதில் வடிகட்டினால் மற்றவர் பார்வை மாறாது. இந்த ஒன்றைக் கற்றுக்கொடுத்த பிறகு ஆபீசில் பாதிச் சண்டை ஓய்ந்தது.

2024 ஏப்ரலில் இதன் பலனைக் கண்ணால் பார்த்தோம். 19-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு, 20 மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி போடக் கடைசி நாள், 21 மீனாட்சி திருக்கல்யாணம், 22 தேர், 23 அழகர் ஆற்றில் இறங்குவது. மாசி வீதிகளில் தேர் ஓடும் நாட்களில் வண்டி எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வருவதை நினைத்தே பார்க்க முடியாது. ஆளாளுக்கு ஆனையூரிலும் திருநகரிலும் வீட்டிலிருந்தே ஒரே ஷீட்டில் வேலை பார்த்தோம். யார் எந்தக் கிளையன்டை முடிக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்ததால் ஒருவர் செய்ததை இன்னொருவர் செய்யவில்லை. 20-ஆம் தேதி இரவே எல்லாம் முடிந்தது. அக்கா குடும்பத்தோடு, அழகரை மதுரையில் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை பார்க்கப் போனார்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளுக்கு முந்தைய மாலையே வேண்டிய ஷீட்டுகளை ஆஃப்லைனில் திறக்கும்படி வைத்துக்கொள்கிறோம். குரோம் அல்லது எட்ஜ் உலாவியில் முன்கூட்டியே அதை இயக்கி வைத்தால்தான் நடக்கும். நெட் போன பிறகு தேடினால் கிடைக்காது.

கிளையன்ட்கள் எல்லோரும் இன்னும் மாறவில்லை. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து வியாபாரிகள் பலர் வாட்ஸ்அப்பில்தான் பில் அனுப்புகிறார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்த எனக்கு மனமில்லை; அறுபது வயதில் கடையையும் பார்த்துக்கொண்டு இதையும் கற்றுக்கொள் என்று சொல்ல முடியுமா? போட்டோவாக வேண்டாம், டாக்குமென்டாக அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். தினமும் மாலை ஆர்ட்டிகிள்ஷிப் பிள்ளைகளில் ஒருவர் அவற்றை அந்தந்த ஃபோல்டரில் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்.