முதல் மீடியா சர்வர்: திரையிலிருந்து தொடங்கும் பாகப் பட்டியல்

வீட்டுக்கு ஒரு மீடியா சர்வரைத் தாமே அசெம்பிள் செய்ய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் பிராசஸரிலிருந்துதான் பட்டியலைத் தொடங்குகிறார்கள். கேமிங் கணினிக்கு அது சரியான தொடக்கம். படங்களையும் பாடல்களையும் சேமித்து வைத்து, கேட்கும் திரைக்கு அனுப்புவது மட்டுமே வேலை என்றால், அந்தப் பெட்டிக்கு எவ்வளவு வலு வேண்டும் என்பதை மறுமுனையில் இருக்கும் டிவியும் கைப்பேசியும்தான் தீர்மானிக்கின்றன. அதனால் என் முதல் சர்வருக்கான பட்டியலைத் திரையிலிருந்து தொடங்கினேன்.

ப்ளூ-ரே வட்டிலிருந்து தரம் குறையாமல் எடுத்த 4கே படம் ஒன்று சராசரியாக விநாடிக்கு 80 மெகாபிட் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 10 மெகாபைட். மணிக்கு 36 ஜிபி. இன்றைய சாதாரண ஹார்ட் டிஸ்க்கே இதைப்போலப் பல மடங்கு வேகத்தில் வாசித்துத் தரும். ஜிகாபிட் லேன் விநாடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட் வரை கடத்தும். ஆகவே கோப்பை உள்ளபடியே அனுப்பும் டைரக்ட் பிளேவுக்கு மிகப் பழைய பிராசஸரே தாராளமாகப் போதும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: பல ஸ்மார்ட் டிவிகளின் லேன் போர்ட் இன்னும் 100 மெகாபிட் வேகத்துடனேயே வருகிறது, 4கே ப்ளூ-ரே வட்டின் உச்ச வேகமோ 128 மெகாபிட். சண்டைக் காட்சிகளில் மட்டும் படம் திக்கித் திக்கி ஓடினால், சர்வரைச் சந்தேகிக்கும் முன் டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றிப் பார்ப்பது நல்லது.

பிராசஸருக்கு உண்மையான வேலை டிரான்ஸ்கோடிங்கில்தான், அதாவது படத்தை ஓடும்போதே வேறு வடிவத்துக்கு மாற்றுவதில்தான், வருகிறது. டிவிக்குத் தெரியாத கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை), வெளியூரிலிருந்து குறைந்த இணைய வேகத்தில் பார்ப்பது, ஒளி, நிழல் வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும் எச்டிஆர் படத்தைச் சாதாரணத் திரைக்கேற்ப மாற்றுவது ஆகியவை எல்லோரும் அறிந்த காரணங்கள். பலர் கவனிக்காத காரணம் சப்டைட்டில். எழுத்தாக இருக்கும் எஸ்ஆர்டி கோப்பைப் பெரும்பாலான செயலிகள் தாமே திரையில் காட்டிவிடும். ப்ளூ-ரேயில் வரும் பிஜிஎஸ் சப்டைட்டிலோ படங்களாக இருப்பதால், அதைக் கையாளத் தெரியாத செயலி கேட்கும்போது சர்வர் ஒவ்வொரு ஃபிரேமிலும் அதைப் பதித்து, முழுப் படத்தையும் மறுபடி என்கோடு செய்ய வேண்டியிருக்கும். ஆகையால் பாகங்களை வாங்கும் முன், கைவசமுள்ள பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளை நிறுவி, வழக்கமாகப் பார்க்கும் படங்களை வழக்கமான சப்டைட்டிலுடன் ஓட்டிப் பார்க்கலாம். நடப்பது டைரக்ட் பிளேயா டிரான்ஸ்கோடிங்கா, டிரான்ஸ்கோடிங் என்றால் எந்தக் காரணத்தால் என்பதை அதன் டாஷ்போர்டே காட்டிவிடும். எத்தனை ஒப்பீட்டுக் காணொளிகளைப் பார்த்தாலும் கிடைக்காத விடை அது.

டிரான்ஸ்கோடிங் வேண்டும் என்று தெரிந்தாலும் கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. இன்டெல் 2011இல் கொண்டுவந்த குவிக் சிங்க், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதியில் இந்த வேலையைச் செய்துவிடுகிறது. 7ஆம் தலைமுறையிலிருந்து 10 பிட் எச்இவிசி கோடெக், 11ஆம் தலைமுறையிலிருந்து ஏவி1 கோடெக்கின் டிகோடிங் என்பது நினைவில் வைக்க வேண்டிய எல்லைக்கோடு. பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருக்கும் மாடல்களில் இந்தக் கிராபிக்ஸ் பகுதி இராது; சற்று மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை எடுத்தால் குவிக் சிங்க் கிடையாது. ஏஎம்டியிலும் இவ்வேலை நடக்கும் என்றாலும், மீடியா சர்வருக்கு மட்டும் என்றால் என் ஓட்டு இன்டெலுக்கே. 2023இல் வந்த என்100 நான்கு கோர்களும் 6 வாட் டிடிபியும் (வெப்ப வடிவமைப்பு அளவு) கொண்ட எளிய சிப். ஒரு குடும்பத்தின் தேவைக்கு அதுவே போதும். பிளெக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருளில் ஹார்டுவேர் டிரான்ஸ்கோடிங்குக்குக் கட்டணச் சந்தா வேண்டும், ஜெல்லிஃபினில் இலவசம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இயந்திரம் நாள் முழுவதும் இயங்கினாலும், அதில் பெரும்பகுதி நேரம் சும்மாதான் இருக்கும். எனவே உச்ச வேகத்தைவிடச் சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதையே நான் முதன்மையான அளவுகோலாகக் கொண்டேன். ஓயாமல் இழுக்கப்படும் ஒவ்வொரு 10 வாட்டும் ஆண்டுக்கு 87.6 யூனிட். 60 வாட் இழுக்கும் பழைய அலுவலகக் கணினிக்கும் 20 வாட்டில் அடங்கும் புதிய பெட்டிக்கும் இடையே ஆண்டுக்கு 350 யூனிட் வித்தியாசம். பழையது மலிவு என்று வாங்குகிறவர்கள் இதைப் பெருக்கிப் பார்ப்பதில்லை. பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் இதே கதைதான்: 750 வாட் சப்ளையில் 25 வாட் மட்டும் எடுத்தால் அதன் மின்மாற்றுத் திறன் கணிசமாகச் சரிந்து மின்சாரம் வீணாகும். அதற்காக மிகச் சிறியதை வாங்கவும் கூடாது, 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும் என்பதால், ஆறு டிஸ்க்குகளுக்கு அந்தக் கணத்தில் 150 வாட்டுக்கு அருகில் வேண்டும். தரமான 300 முதல் 400 வாட் சப்ளை இரண்டு முனைக்கும் பொருந்துகிறது.

மதர்போர்டில் நான் பார்த்தது டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா போர்ட்டுகளின் எண்ணிக்கையையும் கையேட்டின் அடிக்குறிப்பையும்தான். ஆறு போர்ட் என்று அட்டைப்பெட்டியில் இருக்கும், எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி செருகினால் அவற்றில் ஒன்றோ இரண்டோ செயலிழக்கும் என்பது கையேட்டின் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். போர்ட் போதவில்லை என்றால் ஏஎஸ்எம்1166 சிப் உள்ள கார்டு ஆறு போர்ட் தரும். பல டிஸ்க்குகளை இணைக்க உதவும் பழைய எல்எஸ்ஐ எச்பிஏ கார்டுகள் நம்பகமானவைதான். ஆனால் அவை தாமே 10 வாட் அளவுக்கு விழுங்கி, விசிறிக் காற்று படாவிட்டால் கொதிக்கவும் செய்யும்.

ரேமுக்கு 8 ஜிபியில் தொடங்கலாம். இயங்குதளத்துக்கும் ஜெல்லிஃபினின் தரவுத்தளத்துக்கும் சிறிய எஸ்எஸ்டி ஒன்று வேண்டும். போஸ்டர்கள் சட்டென்று திரையில் வருவது அதனால்தான். கேபினட்டில் டிஸ்க்குகளுக்கு முன்னால் 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறி இருந்தால் மெதுவாகச் சுற்றியே குளிர்வித்துவிடும்.

பணத்தின் பெரும்பகுதி ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் போக வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓட்டுக்கூரையின் ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று பாதி படிந்திருப்பதால், ஓரிடத்தில் திருத்தி எழுதினால் பக்கத்துத் தடங்களையும் மறுபடி எழுத வேண்டும். படிப்பதற்குக் குறையில்லை என்றாலும், பழுதான டிஸ்க்குக்குப் பதிலாக வைத்து ரெய்டை (ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்த அமைப்பு) மீட்கும்போது இழுத்தடிக்கும். ஆகவே விவரக்குறிப்பில், தடங்கள் இப்படிப் படியாத வகையான சிஎம்ஆர் என்று எழுதியிருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். யூஎஸ்பி டிஸ்க்கைப் பிரித்து உள்ளிருப்பதை எடுத்து மாட்டினால் சில சமயம் உயிரே வராது. சாட்டா பவரின் மூன்றாவது பின்னில் வரும் 3.3 வோல்ட்டை அந்த டிஸ்க் அணையச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொள்வதே காரணம். அந்தப் பின்னின் மேல் மின்சாரம் கடத்தாத மெல்லிய காப்டன் டேப் ஒட்டினால் போதும். மோலெக்ஸ் என்ற பழைய வகை மின் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வார்ப்புப் பிளாஸ்டிக் இணைப்பிகள் உருகித் தீப்பிடித்த கதைகள் பல இருப்பதால் அவற்றை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

டிஸ்க்குகளை எப்படிச் சேர்ப்பது என்பதில், எப்போதாவது எழுதி அடிக்கடி படிக்கும் படத் தொகுப்புக்கு பழுதான டிஸ்க்கை மீட்க உதவும் ஸ்னாப்ரெய்டும், எல்லா டிஸ்க்குகளையும் ஒன்றாகக் காட்டும் மெர்ஜர்எஃப்எஸ்ஸும் போதும் என்பது என் கருத்து. ரெய்டு 5இல் ஒரு படம் ஓட எல்லா டிஸ்க்குகளும் சுழல வேண்டும். இதில் அந்தப் படம் இருக்கும் டிஸ்க் மட்டும் சுழன்றால் போதும். வெவ்வேறு அளவுள்ள டிஸ்க்குகளையும் கலந்து வைக்கலாம். ஒரே நிபந்தனை, மீட்புத் தகவலை வைத்திருக்கும் பாரிட்டி டிஸ்க் மற்ற எந்த டிஸ்க்கையும்விடச் சிறியதாக இருக்கக் கூடாது. அதனால் பின்னாளில் 16 டிபி வாங்கும் எண்ணம் இருந்தால் முதல் 16 டிபி பாரிட்டிக்கே போகும். குடும்பப் புகைப்படங்களை இந்தப் பாரிட்டியை நம்பி விடக் கூடாது. தவறுதலாக அழித்த கோப்பு பாரிட்டியைப் புதுப்பிக்கும் அடுத்த சிங்க் ஓடியதும் அதிலிருந்தும் போய்விடும் என்பதால், அவற்றுக்கு வேறோர் இடத்தில் தனிப் பிரதி வேண்டும்.