வலிப்பு மாத்திரைக்காக மூன்று புகார்கள்

விசாரணைக் கைதியாக ஏழு மாதம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறேன். வழக்கைப் பற்றி எழுதப் போவதில்லை. மாத்திரைக்கு அலைந்த கதை மட்டும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. ஒருவேளை மாத்திரைகூட விடக்கூடாது. அம்மா மனு பார்க்க, அதாவது என்னைச் சந்திக்க, வந்தபோது கொண்டுவந்த மாத்திரை அட்டையைக் கேட்டிலேயே திருப்பிவிட்டார்கள். வெளி மருந்து வரக்கூடாதாம், சரி. சிறை ஆஸ்பத்திரியிலாவது தர வேண்டுமே? "ஸ்டாக் இல்லை, அப்புறம் வா."

முதல் புகாரை வார்டரிடம் கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் கேட்டால், "எந்தப் பேப்பர்?" அன்று ராத்திரியே வலிப்பு வந்தது. கண் விழித்தபோது வாயெல்லாம் ரத்தம். பக்கத்துப் பாய் அண்ணன் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவதைப் புகார்ப் பெட்டியில் போட்டேன். அந்தப் பெட்டி மாட்டியிருந்தது தலைமை வார்டரின் மேசைக்கு நேர் எதிரே! "என்ன தம்பி, நம்ம மேலயா?" என்றார். திட்டவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து என்னோடு பேசவே சிலர் பயந்தார்கள், பிளாக் மாற்றிவிடுவார்களோ என்று. பதிலும் வரவில்லை.

மூன்றாவதுதான் வேலை செய்தது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து வந்த தன்னார்வலர் அக்கா, "தேதி போட்டு இரண்டு பிரதி எழுதுங்க, ஒன்று உங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பது 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்திலேயே இருக்கிறதாம். புகார்ப் பெட்டி எப்படி வந்தது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். டெல்லி திகார் சிறையில் சக கைதி சித்திரவதைக்கு ஆளானதைப் பற்றி சுனில் பத்ரா என்ற கைதி உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுத, அதையே வழக்காக எடுத்து 1979-ல் தீர்ப்பு சொன்னார்கள். மாவட்ட மாஜிஸ்திரேட்டும் செஷன்ஸ் நீதிபதியும் எல்லாக் கைதிகளுக்கும் எட்டும்படி பெட்டி வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.

நான்காம் நாள் துணை ஜெயிலர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். "வெளி மாத்திரையை விட முடியாதுப்பா. மாற்றிக் கொடுத்தால் யார் பொறுப்பு? அரசு ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கித் தருகிறேன்" என்றார். கேட்டது கிடைக்கவில்லைதான், ஆனால் எனக்கு மனசு ஆறியது. ஏழு மாதத்தில் ஏன் முடியாது என்று காரணம் சொன்ன ஒரே ஆள் அவர். உள்ளே இருப்பவர்கள் எதிர்பார்ப்பதும் இவ்வளவுதான்.

உங்கள் ஆள் உள்ளே இருந்தால், மருத்துவச் சீட்டின் நகலை முதல் நாளே வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். ரிமாண்ட் (காவல்) நீட்டிப்பின்போது உள்ளே இருப்பவரையே மாஜிஸ்திரேட்டிடம் மாத்திரையைப் பற்றி வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். வீடியோ வழியாக ஆஜராகும்போது அரை நிமிடம்தான் கிடைக்கும், முதல் வார்த்தையே அதுவாக இருக்கட்டும்.