விசாரிக்கப்படாத சாலை

போக்குவரத்துக் காவலில் சிறப்பு உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றேன். கடைசி எட்டு வருடங்கள் எனக்கு இரண்டு வேலை. காலையிலும் மாலையிலும் வாகனத் தணிக்கை. மீதி நேரம் விபத்து வழக்கு எழுதுவது. வேறு வேறு ஆட்கள் பார்த்திருந்தால் இந்த இரண்டையும் சேர்த்து யோசித்திருக்க மாட்டார்கள். எனக்கு யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

தணிக்கையில் பைக் ஓட்டுகிறவர்கள் எங்களிடம் சொல்லும் குறைகள் எப்போதும் ஒன்றுதான். வளைவில் மறைந்து நின்று பிடிக்கிறீர்கள். கார்க்காரனை விட்டுவிட்டு எங்களை மறிக்கிறீர்கள். மாதக் கணக்கை முடிக்க எங்கள் தலையா கிடைத்தது. கடைசியாக ஒன்று: "ரோட்டுல குழியை மூடச் சொல்லுங்க சார், அப்புறம் ஹெல்மெட் கேளுங்க." பணியில் சேர்ந்த புதிதில் இதற்கெல்லாம் கோபம் வரும். ஹெல்மெட்டுக்கும் குழிக்கும் என்ன சம்பந்தம் என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

முதல் குறையில் நியாயம் இருக்கிறது என்பதை ஒரு பையனிடமிருந்து தெரிந்துகொண்டேன். மேம்பாலம் இறங்கி வளைகிற இடத்தில் நின்றிருந்தோம். அங்கே நின்றால் யாரும் தப்ப முடியாது என்பதுதான் அந்த இடத்தின் வசதி. எங்களைக் கண்டதும் அவன் வண்டியைத் திருப்பி எதிர்த்திசையிலேயே போனான். பின்னால் வந்த வேனில் மோதி, காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. பிழைத்துக்கொண்டான். அவனிடம் லைசென்ஸ் இல்லை. தப்பு அவனுடையதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்த வளைவில் நாங்கள் நிற்காதிருந்தால் அவன் வீடு போய்ச் சேர்ந்திருப்பான். அதற்குப் பிறகு நான் பொறுப்பில் இருந்த நாட்களில், நூறு மீட்டர் தூரத்திலேயே எங்கள் சட்டை தெரியும்படியான நேர்ச்சாலையில்தான் தடுப்பு வைத்தேன். வழக்கு எண்ணிக்கை குறைந்தது, அதற்குக் கேள்வியும் வந்தது. தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டு டேங்க் மேல் இருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு வருவார்கள். மாட்டட்டும். மாட்ட வேண்டும் என்பதற்குத்தானே நிற்கிறோம்.

ஹெல்மெட் விஷயத்தில் நான் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கியபோது தெருவில் நின்றவர்களில் நானும் ஒருவன். 2022 அக்டோபரில் அபராதம் நூறு ரூபாயிலிருந்து ஆயிரமாக ஏறியபோது பட்ட ஏச்சும் நினைவிருக்கிறது. அந்த 2022இல் மட்டும் நாடு முழுக்க ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய அரசின் விபத்து அறிக்கை சொல்கிறது. எண்ணைப் பார்க்காவிட்டாலும் பிணவறை வாசலில் நின்றவனுக்கு இது தெரியும். கையில் காலில் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல், தலையில் மட்டும் அடிபட்டு இறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குழியைப் பற்றிச் சொன்னவர்கள் விஷயத்தில்தான் நான் தவறு செய்திருக்கிறேன்.

ஒரு விபத்து நடந்தால் நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். ஓட்டியவரின் லைசென்ஸைப் பார்ப்போம். குடித்திருந்தாரா என்று மருத்துவரிடம் சான்று வாங்குவோம். வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்ப்பார். பிரேக் பிடிக்கிறதா, டயர் எப்படி, விளக்கு எரிகிறதா என்று சோதித்து, விபத்து இயந்திரக் கோளாறால் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுப்பார். ஆக, மனிதனைச் சோதித்தாயிற்று, வண்டியைச் சோதித்தாயிற்று. நான் பணியில் இருந்த பெரும்பாலான காலத்தில் சாலையை யாரும் சோதித்ததில்லை. சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரில் சாலை எந்தத் திசையில் போகிறது, தார்ச்சாலையா மண்சாலையா, அருகில் எந்தக் கடை என்று எழுதுவோம். ரஃப் ஸ்கெட்சில் இரண்டு கோடு போட்டு நடுவில் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான் சாலைக்கு எங்கள் ஏட்டில் இடம். காரணம் என்று வரும்போது, "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி" என்ற வாக்கியம் கை தானாகவே எழுதிவிடும். இறந்தவரே தனியாக ஓட்டிப்போய் விழுந்திருந்தால், அவர் மேலேயே வழக்குப் பதிந்து, இறந்துவிட்டதால் முடித்துவைப்போம். மனைவிக்கு வழங்கும் முதல் தகவல் அறிக்கையின் நகலில், அவர் புருஷன்தான் குற்றவாளி என்று இருக்கும்.

குழியால் 2013 முதல் 2017 வரை 14,926 பேர் இறந்தார்கள் என்ற கணக்கைப் பார்த்து 2018இல் உச்ச நீதிமன்றம் அதிர்ந்துபோனது. சாலைப் பாதுகாப்பு குறித்து அந்த நீதிமன்றத்தில் தொடர்ந்து நடந்துவரும் வழக்கை 2012இல் போட்டவர் கோவையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன். குழிச் சாவுகளின் அந்த எண்ணைப் படித்த அன்று எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அந்தக் கணக்கு எங்கள் நிலையங்களிலிருந்து போவது. காரணம் என்ற கட்டத்தில் நாங்கள் எழுதுவதைத்தான் மேலே கூட்டிப் பார்க்கிறார்கள். நான் எழுதிய வழக்குகளில் எத்தனை அந்தக் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டியவை?

ஒன்று நிச்சயமாகத் தெரியும். 2020இல் ஒரு இரவு, முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருவர் தன் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டி வந்திருக்கிறார். பள்ளிக்கூடம் ஒன்றைத் தாண்டியதும் வேகத்தடை. வெள்ளைக்கோடு இல்லை, பலகை இல்லை, தெருவிளக்கும் எரியவில்லை. வண்டி எகிறியதில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த அம்மா பின்னோக்கி விழுந்தார். அவர் ஹெல்மெட் அணியவில்லை. அணிந்திருந்தால் பிழைத்திருக்கலாம், அதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் இறந்தார். அஜாக்கிரதையாக ஓட்டியது, அதனால் மரணம் விளைவித்தது என்று இந்திய தண்டனைச் சட்டம் 279, 304(ஏ) பிரிவுகளில் மகன் மேல் வழக்கு எழுதினேன். அதே அதிவேகம், அதே அஜாக்கிரதை.

பத்து நாள் கழித்து அதே இடத்தில் இன்னொருவர் விழுந்தார். அப்போதுதான் டேப் எடுத்துக்கொண்டு போனேன். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் வருகிறவர் குலுங்கினாலும் விழாமல் தாண்டும் அளவு அது. இங்கே உயரம் 20 செ.மீ., அகலம் ஒரு மீட்டர்கூட இல்லை. முன்பு ஒரு குழந்தை அடிபட்டதும் ஊரார் மறியல் செய்து போடவைத்த தடை என்றார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. போட்டது யார் என்று விசாரித்தால் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது. கடிதம் எழுதினேன், நினைவூட்டலும் எழுதினேன். கோடு போட ஐந்து மாதம் ஆனது. ஹெல்மெட் இல்லாதவருக்கு நான் அபராதம் போட ஒரு நிமிடம் போதும். "குழியை மூடச் சொல்லுங்க" என்று கத்தியவர்களின் கோபம் அந்த ஐந்து மாதத்தில்தான் எனக்குப் புரிந்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் கொண்டுவந்த 198ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சாலையை வடிவமைப்பதிலும் பராமரிப்பதிலும் தரத்தைக் கடைப்பிடிக்காமல், அதனால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நான் இருந்தவரை எங்கள் நிலையத்தில் அதை யாரும் எழுதவில்லை. ஒருமுறை ஆய்வாளரிடம், "ஐயா, இந்தப் பிரிவையும் சேர்க்கலாமா?" என்று கேட்டேன். "யாரைக் குற்றவாளியாக் காட்டுவே?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தப் பிரிவையே நிறுத்தி நிதானமாகப் படித்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. நீதிமன்றம் கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று, சாலையின் நிலை ஆபத்தானது என்பது பொறுப்பானவருக்குத் தெரிந்திருந்ததா என்பது. அப்படியென்றால், விபத்துக்கு முன்னால் யாராவது தேதி போட்டு, இடத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்த புகார்தான் அங்கே சாட்சி. அதனால் தணிக்கையில் சாலையைப் பற்றிச் சண்டை போடுகிறவர்களிடம் பேசத் தொடங்கினேன். "தம்பி, எங்கிட்ட கத்துனது காத்தோட போயிடும். எந்தக் கம்பத்துக்குப் பக்கத்துலன்னு எழுதி, போட்டோ வெச்சுக் கொடு. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமா வெச்சுக்க." சிலர் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். சிலர் எழுதினார்கள்.

என் மகஜர்களும் மாறின. குழியின் ஆழம், தடையின் உயரம், கோடு இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று எழுத ஆரம்பித்தேன். விபத்து விவரங்களைப் பதிய சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஐராட் செயலி வந்தபின் விபத்து விவரம் சாலைத் துறைப் பொறியாளருக்கும் போகிறது. அவரும் இடத்தைப் பார்த்து நிரப்ப வேண்டும். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. என் பணிக்காலத்தின் நடுவிலேயே வந்திருக்கலாம்.

வேகத்தடை வழக்கில் அந்த மகன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டார். வக்கீல் வைத்து நடத்த அவருக்குத் தெம்பில்லை. பிறகு ஒருநாள் காகிதம் வாங்க நிலையத்துக்கு வந்தவர், கையெழுத்துப் போட்டுவிட்டு நின்றார்.

"சார், நான் வேகமா வந்தேன்னு நீங்க நினைக்கிறீங்களா?"

"இல்லப்பா" என்றேன். தடையின் உயரத்தை அளந்ததையும் சொன்னேன்.

"அது என் கேஸ்ல இருக்கா சார்?"

இல்லை. நான் அளந்தது குற்றப்பத்திரிகை போன பிறகு. அவர் வழக்கின் மகஜரில் இருப்பது இவ்வளவுதான்: வடக்கு தெற்காகச் செல்லும் தார்ச்சாலை. மேற்கில் பள்ளிச் சுவர்.