சுரைக்குடுக்கைப் பிள்ளை

1986-இல் நான் ஏழாம் வகுப்பு. ஒரு நாள் அறிவியல் டீச்சர், பனையேறிகள் அக்கானி (பதநீர்) இறக்கும் சுரைக்குடுக்கை ஒன்றோடு வகுப்புக்கு வந்தார். அதில் கண்ணும் வாயும் வரைந்திருந்தது. கண்ணுக்கு இரண்டு ஊசித்துளை, அடியில் அடைத்துவைத்த ஒரு பெரிய துளை. தண்ணீரை நிரப்பி, மேல்வாயை ஈரத்துணியால் மூடினார். கண்ணிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"இது நம்ம பிள்ளை. இப்போ இதுக்கு வயித்தாலப்போக்கு" என்று சொல்லி அடியில் இருந்த அடைப்பைப் பிடுங்கினார்.

தண்ணீர் இறங்க இறங்க முதலில் கண்ணீர் நின்றது. அப்புறம் மேலே இருந்த துணி மெல்லக் குழிந்தது. கைக்குழந்தைகளின் உச்சிக்குழி அப்படித்தான் உள்வாங்கும் என்றார் டீச்சர். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. தம்பி தங்கையை இடுப்பில் சுமந்து வளர்த்தவர்கள்தானே நாங்கள் எல்லோரும்.

1978-இல் லண்டனில் டேவிட் மோர்லி என்ற குழந்தை மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் தொடங்கிய முறை இது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அடுத்த ஆண்டு சர்வதேசக் குழந்தைகள் ஆண்டு. வீட்டில் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெரிய பிள்ளைதான், ஆகவே அவனுக்கே சொல்லிக்கொடுப்போம் என்பதுதான் அவர்களுடைய எண்ணம். குமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிப் பக்கத்து எங்கள் ஊருக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது.

டீச்சர் எங்களை வீடு வீடாக அனுப்பினார். வயித்தாலப்போக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். கடற்கரையிலும் சரி, மேட்டுப் பக்கத்துப் பனைவிளையிலும் சரி, ஒரே பதில்தான்: தண்ணீரைக் குறைப்போம். போவது நிற்க வேண்டுமென்றால் குடிப்பதை நிறுத்த வேண்டும் என்று நம்பினார்கள். பிள்ளைமேல் உள்ள பாசத்தில்தான் அப்படிச் செய்தார்கள்.

போகிற தண்ணீரை வாய்வழியாகத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, டீச்சர் அதற்கான கரைசலைக் கற்றுத்தந்தார்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கேட்க எளிதாக இருந்தது. ஆனால் அவரவர் வீட்டு ஸ்பூனைக் கொண்டுவரச் சொன்னபோது ஒன்றுபோல் ஒன்று இல்லை. எங்கள் வீடுகளில் இருந்ததோ கல்லுப்பு. பொடித்துத் தலைதட்டி அளந்தால்தான் கணக்கு வரும். உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. அதற்கு டீச்சர் சொன்ன வழியை இன்றும் மறக்கவில்லை: "கலக்கினதும் நீ முதல்ல ருசி பாரு. கண்ணீரை விடக் கரிச்சா கொட்டிடு."

1971-இல் வங்காள அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலானபிஸ் இதே போன்ற உப்புச் சர்க்கரைக் கரைசலை வாயால் கொடுக்கவைத்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தார். இன்று அந்தக் கரைசலுக்கான பொடி ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டாக எங்கும் கிடைக்கிறது, கூடவே துத்தநாக மாத்திரையும் தருகிறார்கள். பாக்கெட் கையில் இருந்தால் அதைக் கொடுப்பதே நல்லது. பிள்ளை துவண்டு கிடந்தாலோ மலத்தில் ரத்தம் போனாலோ ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். இதையும் அன்றே எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்.

அந்த மழைக்காலத்தில் எதிர்வீட்டு மைனியின் பிள்ளைக்குக் காலையிலிருந்து போக்கு. ஒன்றரை வயது. அழுதது, ஆனால் கண்ணில் நீர் இல்லை. எனக்குச் சுரைக்குடுக்கைதான் கண்முன் வந்தது.

"தண்ணி குடுங்க மைனி."

"குடுத்தா இன்னும் போவும் மக்கா."

பள்ளிக்கு ஓடிப்போய்க் குடுக்கையை வாங்கிவந்து அவர்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துக் காட்டினேன். துணி குழிந்ததும் மைனி பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தார்கள். நான் கலக்கினேன். அவர்கள் மாமியார் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "கரிக்கல, குடு" என்றார்கள். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். ஒரு தடவை வாந்தி எடுத்தது. பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுத்தோம். அப்புறம் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் குடித்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளை வீறிட்டு அழுதது. மைனி அதன் கன்னத்தைத் தொட்டு, நனைந்த விரலை என்னிடம் நீட்டிக் காட்டினார்கள்.