பிளாங்காவா, நெக்ராவா: நவம்பர் குறிப்புகள்

நவம்பர் 3
ஸ்பெயினின் கிரனாடா. கோமெரெஸ் ஏற்றம், கிட்டார் பட்டறைகளுக்குப் பேர்போன தெரு. உள்ளே நுழைந்ததும் கேட்பது ஒன்றுதான்: பிளாங்காவா, நெக்ராவா? இரண்டும் ஃபிளமெங்கோ கிட்டார்கள்தான். முதுகும் பக்கமும் சைப்ரஸ் என்றால் பிளாங்கா, ரோஸ்வுட் என்றால் நெக்ரா. முகப்பலகை இரண்டிலும் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ்தான். ஃபிளமெங்கோவின் சொலேயா, பிரேசிலின் போசா நோவா, ஸ்பானிய இசையமைப்பாளர் தாரெகாவின் டிரெமோலோ (ஒரே சுரத்தை விரல்கள் மாறிமாறி வேகமாக மீட்டுவது), ஜாஸ் கார்டுகள் எல்லாமே ஒரே கிட்டாரில் வேண்டும். மரத்தின் பெயரை வைத்து மட்டும் இதற்குப் பதில் வராது.

நவம்பர் 4
பிரிட்ஜை (முகப்பலகையில் கம்பிகளைக் கட்டும் கட்டை) ஒட்டி, ஆறாவது கம்பியின் அடியிலிருந்து முகப்பலகை வரை: 8 மி.மீ. மற்றதெல்லாம் அப்புறம்.

நவம்பர் 6
விற்பவர் ஒலியைப் பற்றிப் பேசுகிறார், மரத்தின் வயதைப் பற்றிப் பேசுகிறார். அந்த 8-ஐப் பற்றி நாமாகக் கேட்டால்தான் உண்டு.

கிளாசிக்கல் கிட்டாரில் அதே இடத்தில் 10, 11 இருக்கும். ஃபிளமெங்கோவில் தாழ்வாக வைப்பது வலது கைக்காக. ரஸ்கியாடோ (கம்பிகளை விரல்களால் விசிறி அடிப்பது) வீசும்போதும் கோல்பே (பலகையில் விரலால் தட்டுவது) தட்டும்போதும் விரல் உடனே பலகையைத் தொடவேண்டும். இந்த உயரத்தைக் கழுத்து பொருத்திய கோணமும் விரல்பலகையின் கனமும் தீர்மானிக்கின்றன. கிட்டாரை ஒட்டி முடித்தபின் எளிதில் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது, பிரிட்ஜில் கம்பிகள் தங்கும் எலும்புத் துண்டான சாடில் மட்டுமே.

கணக்கு எளிது. 12-ஆம் ஃப்ரெட் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பியின் நட்டநடுவில் இருக்கிறது, அதனால் அங்கே 1 மி.மீ. உயர்த்த சாடிலில் 2 மி.மீ. ஏற்ற வேண்டும். ஃபிளமெங்கோவுக்கு ஆறாவது கம்பி 12-ஆம் ஃப்ரெட்டில் 2.8 என்று வைத்துக்கொள்வோம். 2 மி.மீ. உயரமான இன்னொரு எலும்புச் சாடில் செய்து மாற்றினால் 3.8 ஆகிவிடும். டிரெமோலோவுக்கு அது சரி, கம்பி ஓங்கி அதிரவும் இடம் கிடைக்கும். கம்பியைத் தளர்த்திச் சாடிலை மாற்றினால் வேலை முடிந்தது.

திருப்பிச் செய்வதுதான் முடியாது. கிளாசிக்கலில் 4 இருப்பதை 2.8-க்கு இறக்க, சாடிலில் 2.4 தேய்க்க வேண்டும். அவ்வளவு உயரம் பிரிட்ஜுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது அபூர்வம். இருந்தாலும், தேய்த்தபின் கம்பி சாடிலில் மடங்கி இறங்கும் கோணம் குறைந்து ஒலி சப்பென்று ஆகிவிடும். ஆகவே ஃபிளமெங்கோ கிட்டாரை வாங்கி மேலே ஏற்றலாம்; கிளாசிக்கலை வாங்கிக் கீழே இறக்க நினைக்கக் கூடாது.

நவம்பர் 7
ஹீட்டர் ஓடும் அறையில் ஈரப்பதம் 31. இதில் எந்தக் கிட்டாரையும் பெட்டிக்கு வெளியே வைக்க முடியாது. 45-லிருந்து 55-க்குள் வேண்டும்.

நவம்பர் 9
கரகரப்பு. தடவி வாசித்தால் வரக்கூடாது, ஓங்கி அடித்தால் லேசாக வரவேண்டும். ஃபிளமெங்கோவில் அது குறையில்லை, ருசி.

ஆனால் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். திறந்த கம்பியில் மட்டும் வந்து, முதல் ஃப்ரெட்டில் செஹியா (கம்பிகளை அழுத்தும் கவ்வி) மாட்டியதும் நின்றுவிட்டால், நட்டின் (தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் துண்டு) பள்ளம் ஆழமாகிவிட்டது. புது நட் போட்டால் தீரும். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் வந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கியிருக்கிறது. 12-க்கு மேலே வரிசையாக வந்தால் கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் மேடு. அந்தக் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். கழுத்துக்குள் திருகக்கூடிய இரும்புத் தண்டு இல்லாத கிட்டார்கள்தான் இங்கே அதிகம், வளைந்தால் திருகிச் சரிசெய்ய வழியில்லை.

கம்பியும் முக்கியம். தாழ்ந்த ஆக்‌ஷனில் (கம்பி தாழ்ந்திருக்கும்போது) நார்மல் டென்ஷன் கம்பி கரகரத்தால் இறுக்கம் கூடிய ஹார்ட் டென்ஷன் போட்டுப் பார்க்கலாம். அதிர்வின் அகலம் குறையும். ஸ்டீல் கம்பியை மட்டும் யார் சொன்னாலும் போடக்கூடாது, பிரிட்ஜ் பிய்ந்துகொண்டு வரும்.

நவம்பர் 10
பிளாங்காவில் போசா நோவா அவ்வளவு நன்றாக இருக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்! கட்டைவிரல் பாஸ் டக்கென்று எழுந்து டக்கென்று அடங்குகிறது, தாளம் துல்லியம். அதே கிட்டாரில் மெதுவான கிளாசிக்கல் மெட்டு வாசித்தால் ஒவ்வொரு சுரமும் பாதியிலேயே செத்துப்போகிறது. நெக்ராவில் சுரம் நின்று ஒலிக்கும், பாஸ் கனம். ஃபிளமெங்கோ மேதை பாக்கோ தெ லூசியா, கோந்தே குடும்பத்தார் செய்த நெக்ராக்களை வாசித்தவர். 1991-இல் ரோட்ரிகோவின் கிளாசிக்கல் படைப்பான அரன்ஹுவேஸ் கன்செர்டோவையும் வாசித்தார். பல பாணி வேண்டுமென்றால் நெக்ரா. அந்த 8 இருந்தால்.

நவம்பர் 12
நெக்ராவின் முதுகு இந்திய ரோஸ்வுட். நம் ஊர் ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வோம். நீலகிரிப் பக்கம் வளர்கிற மரம். 2017-இல் இந்தப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள் வந்தது, 2019 இறுதியில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசிலிய ரோஸ்வுட்டுக்கு இந்த விலக்கு இல்லை. 1992-இலிருந்து கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. தாள் இல்லாமல் பழைய பிரேசிலிய நெக்ராவை எல்லை கடத்தினால் சுங்கத்தில் போய்விடும். ஆசைப்படாதே.

நவம்பர் 13
கம்பியை முறுக்க மரமுளை வேண்டாம். அழகுதான், தலை லேசாகத்தான் இருக்கிறது. ஆறாவது கம்பியை மி-யிலிருந்து (E) ரே-க்கு (D) இறக்கி ஏற்றுவதற்குள் பாட்டின் மூடே போய்விடும்.

நவம்பர் 14
மேடையில் வாசிப்பதற்கு: சாடிலுக்கு அடியில் பீசோ பிக்கப் (அதிர்வை மின்சாரமாக்கும் பட்டை) வைத்தால் இரண்டு சாடில் யோசனை சிக்கலாகும். அடிப்பக்கம் கண்ணாடிபோல் மட்டமாக இல்லையென்றால் ஒரு கம்பி கத்தும், இன்னொன்று முனகும். கோல்பே தட்டினால் ஸ்பீக்கரில் பீப்பாயை உதைத்த சத்தம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம், அதற்கு மேலே கை வைத்தால் மி கம்பியின் அடிச்சுரம் போய்விடும். மைக்தான் நல்லது. ஜாஸ்காரர்கள் 48 மி.மீ. அகல நட் கேட்கிறார்கள். 52-இல்தான் பிக்காடோ எனும் வேகச் சுரவரிசைக்கு விரல் புழங்க இடம் இருக்கிறது, பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

நவம்பர் 16
நெக்ரா. கம்பி நீளம் 650 மி.மீ., நட் அகலம் 52, பிரிட்ஜில் 8-க்கு ஒரு முடி மேலே. கோல்பியடோர் (தட்டும் இடத்துக் காப்பு) மெல்லிய, ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் தாள். ஓரம் எங்கும் தூக்கவில்லை, அடியில் காற்றுக்குமிழி இல்லை. சாடில் பிரிட்ஜுக்கு மேலே தாராளமாக நீட்டிக்கொண்டிருக்கிறது.

ஐந்தாவது கம்பி 9-இல் மட்டும் கரகரக்கிறது. 9, 10, 11 மேல் சின்ன இரும்பு ஸ்கேலை வைத்து ஆட்டினால் ஆடுகிறது. 10 தூக்கியிருக்கிறது. நாளை மட்டப்படுத்தித் தருகிறார்களாம். அதுவரை முன்பணம் கிடையாது.