விட்ட கிட்டாரை மறுபடி எடுக்கும்போது

ஆசையாகக் கிட்டார் கற்கத் தொடங்கி, சில வாரங்களில் உறைக்குள் போட்டு மூடியவர்கள் மறுபடி எடுக்கும்போது பெரும்பாலும் முதல் பாடத்திலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். அப்படி ஆரம்பித்தால், போன முறை எந்த இடத்தில் நின்றதோ அங்கேயே இந்த முறையும் வந்து நிற்கும். அதனால் முதலில் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: போன தடவை சரியாக எங்கே நின்றது? விரல் நுனி வலியிலா, எஃப் கார்டிலா (கார்டு என்பது பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு), அல்லது கார்டுகள் தனித்தனியாக வந்தும் பாட்டாக ஓடாத நிலையிலா? பலரும் நிற்பது இந்த மூன்றில் ஒன்றில்தான். மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. ‘எனக்குக் கை வராது’ என்ற முடிவு மூன்றில் எதற்கும் பொருந்தாது.

வலியால் நின்றவர்கள் விரலைக் குறை சொல்வதற்கு முன் கிட்டாரை அளந்து பார்க்க வேண்டும். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேல் ஒரு மில்லிமீட்டர் அளவுகோலை நிறுத்தி, ஃபிரெட் கம்பியின் தலையிலிருந்து மிகத் தடித்த ஆறாவது தந்தியின் அடிப்பகுதி வரை உள்ள இடைவெளியைப் பாருங்கள். எஃகுத் தந்தி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரில் அது சுமார் 2.5 மி.மீ., முதல் தந்தியில் 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருந்தால் வாசிக்கச் சுகமாக இருக்கும். நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் 4-ம் 3-ம் சாதாரணம். எஃகுத் தந்தி 3.5 மி.மீ.க்கு மேல் நின்றால், பழகிய கைக்கே அது பாரம். புதிதாகப் பழகும் கை அதில் நொந்துபோவதில் வியப்பில்லை. உடல்பகுதியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் செருகியிருக்கும் சேடில் என்ற மெல்லிய பட்டையின் அடியைத் தேய்த்துத்தான் இதைக் குறைப்பார்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் 1 மி.மீ. குறைய வேண்டுமென்றால் சேடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டியிருக்கும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைத் திருப்புவதும் கைபழகியவர் கால் சுற்று கால் சுற்றாகச் செய்யும் வேலை. இரண்டையும் கிட்டார் சரிசெய்பவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

பலர் பார்க்கத் தவறுவது, தலைப்பக்கத்தில் தந்திகள் பதிந்து செல்லும் பள்ளங்கள் உள்ள நட்டை. ஒரு தந்தியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃபிரெட்டின் மேல் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். மெல்லிய காகிதம் நுழையும் அளவு போதும். அதைவிடத் தெளிவாகப் பெரிதாகத் தெரிந்தால் நட்டின் பள்ளம் ஆழம் போதாது. முதல் இரண்டு ஃபிரெட்டுகளில் விழும் கார்டுகளெல்லாம் தேவைக்கு மேல் பலம் கேட்கும். தொடக்கக் கார்டுகள் அத்தனையும் அங்கேதான் இருக்கின்றன என்பதால் இந்தக் குறை புதியவர்களையே அதிகம் தண்டிக்கிறது. முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டி அதே கார்டுகளைப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று எளிதாகிவிட்டால் நோய் நட்டில்தான்.

தந்திகளை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். கிடப்பில் கிடந்த எஃகுத் தந்தி துருப்பிடித்து விரலை அறுக்கும், ஓசை மங்கும், சுருதியும் ஃபிரெட்டுக்கு ஃபிரெட் பிசகும். அக்கூஸ்டிக்கில் வழக்கமாக வருவது .012 செட் (முதல் தந்தியின் தடிமன், அங்குலத்தில்); .010-இல் தொடங்கும் எக்ஸ்ட்ரா லைட் செட் போட்டால் அழுத்தும் பலம் கண்கூடாகக் குறையும். ஓசை கொஞ்சம் மெலியும்தான், ஆனால் இந்தக் கட்டத்தில் அது பெரிய நஷ்டமில்லை. நைலான் மென்மையானது என்று அக்கூஸ்டிக்கில் போட வேண்டாம். கிளாசிக்கல் கிட்டாரில் எஃகுத் தந்தி போடுவது அதைவிட மோசம், அந்த இழுவிசைக்கு பிரிட்ஜ் பெயர்ந்துவரும். புதுத் தந்தி சில நாள் இளகிக்கொண்டே இருக்கும், நைலான் இன்னும் அதிக நாள். வாசிக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் ட்யூனர் வைத்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சரிபாருங்கள். சுருதி ஏறிப்போயிருந்தால் நன்றாக இறக்கிவிட்டு, கீழிருந்து மேலாக ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்திய தந்தி முறுக்காணியில் தளர்ந்து மறுபடி இறங்கும்.

கிட்டார் சரியான பிறகும் விரல் நுனி வலிக்கும், ஆனால் அது தாங்கக்கூடிய வலி. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிப்பதைவிட, 15 நிமிடம் வீதம் காலையும் மாலையும் பிரித்து வாசித்தால் மூன்று நான்கு வாரங்களில் தோல் காய்த்துவிடும். குளித்த கையோடும், பாத்திரம் கழுவிய கையோடும் உட்கார வேண்டாம். ஊறிய தோல் கிழியும். இடக்கை நகங்களை ஒட்ட வெட்டுங்கள். விரலை ஃபிரெட் கம்பிக்கு மிக அருகில், அதன் பின்பக்கம் ஒட்டினாற்போல் வையுங்கள். இரண்டு ஃபிரெட்டுக்கும் நடுவில் வைத்தால் அதே ஓசைக்கு அதிகம் அழுத்த வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் தந்தி கிரீச்சிடும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் அது காய்ப்பு ஏறும் வலி அல்ல. உடனே நிறுத்துங்கள். பெருவிரலால் கழுத்தை இறுக்குவதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

இனி எஃப். முதல் ஃபிரெட்டில் ஆறு தந்தியையும் சுட்டுவிரலால் ஒரே சீராக அழுத்த வேண்டும் என்று நினைத்துத்தான் எல்லோரும் போராடுகிறார்கள். கார்டை விரல் விரலாகப் பிரித்துப் பாருங்கள். ஐந்தாவது தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டை மோதிர விரல் பிடிக்கிறது, நான்காவது தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டைச் சுண்டுவிரல், மூன்றாவது தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டை நடுவிரல். ஆக, சுட்டுவிரல் உண்மையில் ஒலிக்க வைக்க வேண்டியவை ஆறாவது, இரண்டாவது, முதல் தந்திகள் மட்டுமே. விரலின் நடுப்பகுதி தளர்ந்திருந்தாலும் கார்டு முழுதாகக் கேட்கும். அடுத்து, சுட்டுவிரலின் சதைப்பக்கத்தைத் தட்டையாக வைக்காமல், பெருவிரலை நோக்கிய பக்கவாட்டுக்குக் கொஞ்சம் உருட்டுங்கள். அங்கே எலும்பு நெருக்கமாக இருப்பதால் தந்தி சதைக்குள் அமுங்காது. கணுவின் மடிப்பு சரியாக ஒரு தந்தியின் மேல் விழுந்தால் அந்தத் தந்தி மட்டும் ஊமையாகும். அப்போது விரலை ஓரிரு மில்லிமீட்டர் மேலோ கீழோ நகர்த்தினால் போதும், அழுத்தத்தைக் கூட்ட வேண்டாம். பலத்தை விரல்களிலிருந்து பிழிந்தெடுக்காமல், முழங்கையை லேசாகப் பின்னுக்கு இழுத்துக் கையின் எடையிலிருந்து எடுங்கள்.

பழகும் இடத்தையும் மாற்றுங்கள். நட்டுக்குப் பக்கத்தில் தந்தி விறைப்பாக இருக்கும், அங்கே தொடங்குவது கடினமான பக்கத்திலிருந்து தொடங்குவதாகும். இதே கைவடிவத்தை ஐந்தாவது ஃபிரெட்டில் வைத்தால் ஏ மேஜர். அங்கே ஒவ்வொரு தந்தியாகத் தட்டிப் பார்த்து ஆறும் தெளிவாக வந்த பிறகு நான்கு, மூன்று என்று இறங்கி வாருங்கள். முதல் ஃபிரெட்டை அடைய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதுவரை பாட்டில் எஃப் வரும் இடங்களில் கீழ் நான்கு தந்திகளை மட்டும் பிடிக்கும் சின்ன எஃப்பையே வாசியுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

பாட்டு ஓடாமல் நின்றவர்களின் சிக்கல் இடக்கையில் இருப்பதாகத் தோன்றினாலும், கெடுப்பது வலக்கை. அடுத்த கார்டை இடக்கை தேடும்போது வலக்கை காத்து நிற்கிறது. தாளம் அங்கேயே உடைகிறது. மெட்ரோனோமை (சீராகத் தட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, கீழே மேலே என்று கை ஆடிக்கொண்டே இருக்கட்டும், தந்தியில் படாவிட்டாலும் ஆட்டம் நிற்கக் கூடாது. கார்டு மாற்றும் நேரத்தில் கடைசி மேல்வீச்சில் வெறும் தந்திகள் ஒலித்தால் ஒலிக்கட்டும். தேர்ந்தவர்கள் வாசிப்பிலும் அது இருக்கிறது, கேட்பவர் காதில் பிசகாகப் படாது.

இடக்கைக்கு, இரண்டிரண்டு கார்டாகப் பிரித்து ஒரு நிமிடத்தில் எத்தனை மாற்றம் என்று எண்ணிக் குறித்து வாருங்கள். 60 வேகத்தில் நான்கு தட்டுக்கு ஒரு கார்டு என்றால் நிமிடத்துக்கு 15 மாற்றம்தான் தேவை. 30 வந்துவிட்டால் அந்தப் பாட்டு கைக்குள் வந்தாயிற்று. மாற்றும்போது நகர வேண்டாத விரலைத் தூக்காதீர்கள். ஏ மைனரிலிருந்து சி-க்குப் போக மோதிர விரல் ஒன்று மட்டும் இடம் மாறினால் போதும், சுட்டுவிரலும் நடுவிரலும் அப்படியே இருக்கலாம். நான்கு விரல் ஜி-யிலிருந்து டி-க்குப் போகும்போது இரண்டாவது தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் மோதிர விரல் ஊன்றியிருக்கலாம். தடுமாறாமல் மூன்று முறை வந்தால் வேகத்தை 4 கூட்டுங்கள், தடுமாறினால் 10 குறையுங்கள். இப்படிக் குறைப்பதற்கு மனம் ஒப்பாதவர்கள்தான் பல மாதம் ஒரே வேகத்தில் திக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுமுறை கற்பவர்களுக்கு ஒரு கிரேடு (படிநிலை) தேர்வை வைத்துக்கொள்வது உண்மையாகவே உதவுகிறது. எதை வாசிப்பது என்ற அலைச்சல் தீரும், முடிக்க ஒரு நாளும் கிடைக்கும். கார்டும் பாட்டுமாகப் போகிறவர்களுக்கு பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பான டிரினிட்டியின் ராக் அண்ட் பாப் தேர்வு பொருந்தும்; 100-க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. கிளாசிக்கல் கிட்டாருக்கு இன்னொரு பிரிட்டிஷ் அமைப்பான ஏபிஆர்எஸ்எம்மின் நேரில் வாசிக்கும் தேர்வில் மொத்தம் 150, தேர்ச்சிக்கு 100. மூன்று உருப்படிகளுக்கு 30 வீதம் 90, ஸ்கேலுக்கு (சுர வரிசை) 21, பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, கேட்டறிதலுக்கு 18. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியே தேர வேண்டியதில்லை, கூட்டுத்தொகைதான் கணக்கு. எனவே நோட்டேஷன் (இசைக்குறிப்பு) வாசிப்பில் தயங்குபவர்கள் மூன்று உருப்படிகளையும் ஸ்கேலையும் கெட்டியாக்கினால் அந்தக் குறையை ஈடுகட்டலாம். பார்த்து வாசிக்கத் தரும் வரிக்கு முன்னோட்டமாக அரை நிமிடம் உண்டு. அதைக் கண்ணால் பார்த்தே கழிக்காமல், கடினமாகத் தெரியும் தாளக் கட்டத்தை (பார்) கையில் வாசித்துப் பாருங்கள். சுரம் தவறினாலும் தாளத்தை விடாமல் கடைசி வரை போகிறவருக்குத்தான் மதிப்பெண் நிற்கும், திரும்பிப் போய்த் திருத்துகிறவருக்கு அல்ல.

ஸ்கேலும் பார்த்து வாசிப்பதும் வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு ஏபிஆர்எஸ்எம்மிலேயே பெர்ஃபாமன்ஸ் கிரேடு இருக்கிறது: நான்கு உருப்படிகளை வாசித்து வீடியோவாக அனுப்ப வேண்டும். நான்கும் ஒரே தொடர்ச்சியான பதிவில் வர வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது. பதிவுக்கு ஒரு வாரம் முன்பே புதுத் தந்தி போட்டுப் பழக்கிவிடுங்கள். முந்தின நாள் மாற்றினால் மூன்றாவது உருப்படிக்குள் சுருதி இறங்கிவிடும். வீட்டு ஒத்திகைகளையும் நான்கையும் சேர்த்தே செய்யுங்கள். நான்காவது உருப்படிக்கு வரும்போது இடக்கை எவ்வளவு களைத்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். பாரே (எஃப் போல ஒரே விரலால் பல தந்திகளை அழுத்துவது) அதிகம் உள்ள உருப்படியை அந்த நான்காவது இடத்தில் வைக்காதீர்கள்.