கோடையில் பார்க்கும் ஓடை வேறு, குளிர்காலத்து ஓடை வேறு

சால்மன் குஞ்சுகளுக்கு ஒரு ஓடை ஏற்ற இடமா என்று பார்க்கப் பெரும்பாலும் கோடையில்தான் இறங்குகிறார்கள். தண்ணீர் குறைவு, நடக்கவும் அளக்கவும் வசதி, சரி. ஆனால் பசிபிக் கடல் வகையான கோஹோ சால்மன் குஞ்சு கடலுக்குப் போகும் முன் பொதுவாக ஒரு முழுக் குளிர்காலத்தை நன்னீரில் கழித்தாக வேண்டும், அமெரிக்காவின் மேற்குக் கரை மாநிலங்களான ஒரிகன், வாஷிங்டனின் கடலோர மலை ஓடைகளில் அதுதான் வெள்ளக்காலமும். கோடையில் குஞ்சுகள் மொய்த்துக் கிடந்த மடுவில் அப்போது தண்ணீர் சீறிப் பாயும், குளிரில் உடல் மந்தமாகிவிட்ட குஞ்சால் அதை எதிர்த்து நிற்க முடியாது.

அதனால் நான் முதலில் தேடுவது ஒதுங்க இடம் இருக்கிறதா என்பதைத்தான். விழுந்து கிடக்கும் பெரிய மரங்கள், பக்கக் கால்வாய்கள், கரையோரத் தேக்கங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, மரத்தைக் கடித்து வீழ்த்தும் பீவர் என்ற விலங்கு அணை கட்டிய குட்டை. (ஒரு காலத்தில் மீனுக்கு நல்லது என்று நினைத்தே ஓடைகளிலிருந்து மரங்களை இழுத்து வெளியே போட்டார்கள், இப்போது செலவு செய்து திரும்பக் கொண்டுவந்து போடுகிறார்கள்!)

அட்லாண்டிக் சால்மன் கதை வேறு. அதன் குஞ்சுகள் குளிர்காலப் பகலில் கல் இடுக்குகளில் பதுங்கி, இரவில்தான் வெளியே வரும். அங்கே கல்லின் அளவை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் போதாது, கற்கள் மணலிலும் வண்டலிலும் எவ்வளவு புதைந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும், பாதிக்கு மேல் புதைந்திருந்தால் குஞ்சு நுழைய இடுக்கு எங்கே இருக்கும்? அப்புறம், பகலில் எட்டிப் பார்த்துவிட்டு ‘மீன் இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள், இருட்டிய பிறகு டார்ச்சோடு போய்ப் பாருங்கள்.